கட்டவிழ்ந்த கோழி

சீனத்துத் தாங் காலப் பெரும்புலவர் தூ ஃபூ (712–770). 755இல் ஆன் லூஷான் என்னும் படைத்தலைவன் மூட்டிய கிளர்ச்சியால் நாடு நிலைகுலைந்தது. ஊர்விட்டு ஊர் பெயர்ந்த புலவர், 766இல் யாங்சி ஆற்றங்கரை மலையூராகிய குவெய்சோவை அடைந்து, ஏறத்தாழ ஈராண்டுகள் தங்கினார். அங்கு அவர் பாடிய எட்டடிச் சிறுபாட்டு ஒன்று, கோழியைப் பொருளாகக் கொண்டு பேரறத்தை வினவுகின்றது.

வீட்டு ஏவலன் கோழிகளைக் கட்டுகிறான், சந்தையில் விற்பதற்காக. கட்டுண்டவை கதறித் துடிக்கின்றன. விற்பது ஏன்? அவை புழுவையும் எறும்பையும் கொத்தித் தின்பதை வீட்டார் பொறுக்கவில்லை. விற்ற கோழி உலைக்குப் போகும் என்பதையோ அவர்கள் எண்ணவில்லை. புழுவுக்கு இரங்கும் மனிதர் கோழிக்கு இரங்காதது என்ன நீதி என்று வினவிய புலவர், ஏவலனைக் கடிந்து கட்டவிழ்க்கச் செய்கிறார்.

பாட்டு இத்துடன் முடிந்திருந்தால் அது எளிய நீதிப்பாடலாய் நின்றிருக்கும். விடுபட்ட கோழி மறுபடி எறும்பைத்தானே தேடும்? ஒன்றன் பேறு மற்றொன்றின் இழப்பு. இதற்கு முடிவில்லை என்றுணர்ந்த புலவர், மலைமாடத்தில் சாய்ந்து குளிர்ந்த ஆற்றை நோக்கி நிற்கிறார்.

புறாவைக் காத்தால் பருந்து பட்டினி என்ற இக்கட்டில், சிபி மன்னன் தன் தசையை அரிந்தீந்து இரண்டையும் காத்தான் என்பதை நாம் அறிவோம். அது கருணையின் கொடுமுடி. ஆயினும் எறும்புதோறும் தசை ஈவது எவர்க்கு இயலும்? சொந்த ஊருக்கு மாற்றம் வேண்டி இருவர் விண்ணப்பிக்க, இடம் ஒன்றே இருப்பின், ஒருவர்க்கு இடும் கையொப்பம் மற்றவர்க்கு மறுப்பாகின்றது. நாம் அன்றாடம் நிற்பது சிபியின் இடத்திலன்று. தூ ஃபூவின் இடத்திலேயே.

விடை காணாமல் புலவர் ஆற்றின்பால் முகம் திருப்பினார் என்பாரும் உண்டு. நாம் அதற்கு உடன்படோம். முதலில் கட்டை அவிழ்ப்பித்தார். அதன் பின்னரே ஆற்றை நோக்கினார். இவ்வரிசை எண்ணத்தக்கது. முழுத் தீர்வு கிட்டாது என்பதற்காகக் கண்முன் துடிப்பதைக் கைவிடவில்லை. ஒன்றைக் காத்த பெருமிதத்தில் எறும்பை மறக்கவும் இல்லை.

‘கோழி புழுவின் பேறும் இழப்பும்’ என்பது பின்னாளில் அற்ப இலாப நட்டத்தைக் குறிக்கும் தொடராகச் சீன மொழியில் வழங்கலாயிற்று. நமக்கு அற்பம், எறும்புக்கு அதுவே உயிர். இயன்ற நன்மையைத் தயங்காது செய்து, அதனால் எவர் இழந்தார் என்பதையும் நெஞ்சில் நிறுத்துவதே இப்பாட்டு நமக்குக் காட்டும் அறமாகும்.