விளக்கும் விட்டிலும்



சென்ற ஐப்பசித் திங்களில் கழுகுமலையில் உள்ள தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கச் சென்ற நாம், கயத்தாற்றில் பணிநிமித்தம் குடியிருக்கும் நம் சமயத்து அன்பர் ஒருவரின் இல்லத்தில் இரண்டு இரவுகள் தங்கினோம். கரிசல் மண்ணில் மழை இறங்கி, பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் முளைவிட்டிருந்த காலம் அது. வீட்டைச் சுற்றி நந்தியாவட்டையும் பவழமல்லியும் அரளியும் நிற்கும் சிறு தோட்டம். வாயிலில் வெள்ளொளி விளக்கொன்று இரவு முழுவதும் எரிந்தது. விடியலில் அதன் கீழே சிறகுகள் குப்பையெனக் கிடந்தன. இல்லத்தரசியார் துடைப்பத்தை எடுத்தபோது, அவ்வீட்டுச் சிறுமி எம்மிடம், "தாத்தா, இவை ஏன் விளக்கிடம் வந்து சாகின்றன?" என்று கேட்டாள்.

நாம் வழக்கமான விடையையே கூறினோம். தொடுஉணர்வால் யானையும், சுவையால் மீனும், மணத்தால் வண்டும், ஒளியால் விட்டிலும், இசையால் மானும் அழிகின்றன. ஒரு பொறியின் ஆசைக்கே இக்கேடு எனில், ஐம்பொறிக்கும் அடிமையான மாந்தர் நிலை என்ன என்று பல அவைகளில் சொன்னதை அங்கும் சொன்னோம். சிறுமி தலையசைத்தாள். வேளாண்மைக் கல்லூரியில் பயிலும் அவளுடைய அக்காள் மட்டும், "ஐயா, அவை ஆசையால் வருவதில்லை என்று இப்பொழுது கண்டிருக்கிறார்கள்" என்று பணிவோடு கூறினாள்.

அவள் விளக்கியது இது. 2024ஆம் ஆண்டில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' என்னும் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. விளக்கருகே பறக்கும் பூச்சிகளை அதிவேகப் படக்கருவியால் படம்பிடித்து அறிஞர்கள் ஆராய்ந்தனர். இரவிலும் தரையைக் காட்டிலும் வானமே ஒளி மிகுந்தது. ஆகையால் பறக்கும் பூச்சிகளுள் பெரும்பாலானவை, ஒளி உள்ள திசையே மேல்திசை என்று கொண்டு, அத்திசைக்கு முதுகைக் காட்டியவாறு பறக்கின்றன. பல்லூழி காலம் இவ்வழக்கம் அவற்றைக் காத்தது. நாம் ஒரு விளக்கை ஏற்றியதும், அதையே வானம் எனக் கொண்டு முதுகை அதன் பக்கம் திருப்புகின்றன, நேரே செல்ல இயலாமல் சுற்றிச் சுற்றிச் சோர்கின்றன, தலைகீழாகி வீழ்கின்றன.

இதனைக் கேட்டு நாம் சிறிது நேரம் பேசவில்லை. விட்டிலின் மீது காமக் குற்றம் சுமத்தி எத்தனை ஆண்டுகள் அறவுரை செய்தோம்! அதனிடம் உள்ளது ஆசையன்று. மேலல்லாததை மேலென்று கொள்ளும் மயக்கம். நம் ஆகமங்கள் மித்தியாத்துவம் என்றும் பொய்க்காட்சி என்றும் கூறுவதற்கு இதனினும் தெளிவான உவமை வேண்டுமோ? அன்றியும், பொய்வானத்தை அங்கே தொங்கவிட்டவர் யார்? நாமே. இதுகாறும் விட்டிலுக்குச் சொல்லிவந்த அறவுரையை விளக்கேற்றியவர்க்குச் சொல்லவேண்டிய கடமை எமக்கு வந்தது. மும்மணிகளின் வழியே அதனைச் சொல்கிறோம்.

முதலாவது நற்காட்சி. கூட்டித் தள்ளும்போது எல்லாம் 'பூச்சி' என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது. உற்றுப் பார்த்தால் அன்றோ உயிர் தெரியும்! வேளாண் நூல்கள் அந்துப்பூச்சி என்றும் பழம்புலவர் விட்டில் என்றும் குறித்த இவ்வினத்தில் நம் நாட்டில் மட்டும் ஏறத்தாழப் பத்தாயிரம் வகைகள் உண்டு. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்த வந்த ஹாம்ப்சன் என்னும் ஆங்கிலேயர், இவற்றின்பால் ஈடுபட்டு, 1892 முதல் 1896 வரை நான்கு பெருந்தொகுதிகள் எழுதினார். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நாமோ நம் முற்றத்தில் வாழ்வனவற்றின் பெயரும் அறியோம்.

அறிவது அரிதன்று. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்கும். விட்டிலின் கொம்பு நூல்போலவோ இறகுபோலவோ இருக்கும். வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் சிறகுகளை மேலே கூப்பி அமரும். விட்டில் பெரும்பாலும் கூரைபோல மடக்கியோ தட்டையாக விரித்தோ அமரும். அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளரும் பருத்த புழு, பின்னர்ப் பச்சைநிறப் பருந்து விட்டிலாகும். எள்ளுச்செடியில் வளரும் ஒரு புழு, முதுகில் மண்டையோடு போன்ற குறியுடைய பெரிய விட்டிலாகும். கிலுகிலுப்பைச் செடியை நாடி, வெண்சிறகில் செம்புள்ளியும் கரும்புள்ளியும் தாங்கிய சிறு விட்டில் பகலிலும் வரும்.

இரண்டாவது நல்ஞானம். தத்துவார்த்த சூத்திரம் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது. வண்டும் விட்டிலும் மெய், வாய், மூக்கு, கண் என நான்கு பொறி உடையவை என்பது நம் மரபு. தொல்காப்பியரும் மரபியலில் தும்பிக்கு நாலறிவு கூறினார். இன்றைய அறிவியலோ, விட்டில்களுள் பல, வௌவால் எழுப்பும் நுண்ணொலியைக் கேட்டு விலகித் தப்புகின்றன என்கிறது. அன்பர்கள் இதனால் கலங்க வேண்டுவதில்லை. பொறிகளை எண்ணியது உயிரின் துன்பத்தை நாம் உணர்தற்பொருட்டு. நாம் எண்ணியதனினும் மிகுதியாக அவ்வுயிர் உணருமெனின், நம் கருணையும் அவ்வளவு மிகவேண்டும், அவ்வளவே.

பட்டுப்புழுவும் ஒரு விட்டிலின் குழந்தையே. கூட்டினுள் உயிரோடிருக்கும்போதே அதனை வெப்பத்தால் கொன்று நூல் எடுக்கின்றனர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். தோட்டத்து விட்டிலை அறியப் புகுந்தவர், பேழையில் உள்ள பட்டையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பாராக.

மூன்றாவது நல்லொழுக்கம். விட்டில்களைத் தோட்டத்திற்கு வரவழைத்துக் காண விரும்புவோர் வெள்ளைத் துணி கட்டி அதன்மேல் ஒளி பாய்ச்சுவது வழக்கம். 2012 முதல் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் ஒரு வாரம் பல நாடுகளில் இவ்வாறு கண்டு கணக்கெடுக்கின்றனர். சிறுவர்க்குக் காட்ட ஒரு நாள் அவ்வாறு செய்யின், சிறிது நேரத்தில் விளக்கை அணைத்துவிடுக. அவை தம் வழியே செல்லும். விடியும்வரை விட்டால், துணியில் ஒட்டியிருப்பவற்றைக் கரிச்சானும் மைனாவும் கொத்தித் தின்னும். இதனினும் சிறந்த வழி மலர்ச்செடி நடுதல். பவழமல்லியும் மல்லிகையும் மாலையில் மணம் வீசும். அவற்றை நாடி வருவன தேனுண்டு, மகரந்தம் சுமந்து செல்லும். விளக்கு மயக்கி வரவழைக்கிறது. மலரோ விருந்துக்கு அழைக்கிறது.

வாயில் விளக்கை வேண்டும்போது மட்டும் ஏற்றுக. வெண்மையும் நீலமும் கலந்த ஒளி பூச்சிகளை மிகவும் இழுக்கும். மஞ்சள் ஒளி குறைவாகவே இழுக்கும். ஒளி கீழ்நோக்கி விழுமாறு மூடியிடுக. இரவுணவை விலக்குக; கதிரொளியில் நன்கு பார்த்து உண்ணுதல் அஹிம்சை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளுள் ஒன்றென ஆசாரியர் வகுத்ததன் காரணம் இப்பொழுது விளங்கும்.

நம்முள் உழவர் பலர். பருத்தியின் காய்ப்புழுவும், 2018இல் நம் நாட்டில் முதன்முதல் காணப்பட்ட மக்காச்சோளப் படைப்புழுவும் விட்டிலின் பருவங்களே. அவற்றால் விளைச்சல் இழந்தோர் துயரை நாம் அறிவோம். தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் ஹிம்சை வேறு, வேண்டுமென்றே செய்வது வேறு என நம் நூல்கள் பிரித்தே கூறும். ஆயினும் விளக்குப்பொறியை இரவெல்லாம் எரியவிட்டால், பயிருக்குத் தீங்கு செய்யாதனவும் அதில் மடியும். தவிர்க்கக் கூடியதைத் தவிர்க்காமை பிரமாதம் எனும் சோர்வு. வினை ஊறும் வாயில் அது.

மறுநாள் கழுகுமலையில் ஏறி நின்றோம். பாண்டியர் காலத்தில் குரவரும் குரத்தியரும் தம் பெயரை வட்டெழுத்தில் விட்டுச்சென்ற பாறை அது. தீயை மூட்டாத துறவறத்தில் நின்ற முனிவர், மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கியது இச்சிற்றுயிர்களை மிதியாமைக்கே. பாவாபுரியில் வர்த்தமானர் வீடுபேறு எய்திய ஐப்பசி அமாவாசையில் நாம் ஏற்றும் விளக்குகள், கரிசலில் மழை இறங்கி விட்டில்கள் எழும் காலத்திலேயே எரிகின்றன. அவ்விளக்குகளைக் கண்ணாடிக் கூண்டினுள் வைத்து ஏற்றுவோமாக. ஞான ஒளியை நினைவூட்டும் சுடர் ஓருயிருக்கேனும் பொய்வானம் ஆகலாகாது.

கயத்தாற்று இல்லத்தில் இரண்டாம் இரவு வாயில் விளக்கை அச்சிறுமியே அணைத்தாள். விடியலில் கூட்டுவதற்குச் சிறகுகள் இல்லை. பவழமல்லி மட்டும் உதிர்ந்து கிடந்தது.

அறம் வளர்க! உயிரெல்லாம் இன்புறுக!