அனுப்புவோன் உரிமையும் பெறுவோன் சுமையும்

பிரித்தானியாவில் 1840ஆம் ஆண்டின் அஞ்சற் சீர்திருத்தத்துக்கு முன்னர், கடிதத்துக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுவோனே செலுத்தினான். தூரமும் தாள்களின் தொகையும் கூடக் கூடக் கட்டணமும் கூடிற்று. ரோலண்ட் ஹில் முன்மொழிந்த ஒரு பென்னி முறை அச்சுமையை அனுப்புவோனிடம் மாற்றிற்று. எழுத விரும்பியவனே அவ்விருப்பத்தின் விலையைத் தாங்குதல் வேண்டும் என்னும் அறக்கொள்கையும் இம்மாற்றத்துள் அடங்கியிருந்தது எனலாம்.

மின்னஞ்சல் அக்கொள்கையை ஓரளவு தலைகீழாக்கியுள்ளது. பெருங்கோப்பொன்றை இணைத்து அனுப்புவோனுக்கு அது கணப்பொழுது வேலை. பெறுவோனோ தன் அஞ்சற்பெட்டியில் இடத்தை இழக்கிறான். கோப்பைத் தரவிறக்கின் தரவுக் கட்டணமும் அவனதே. கோப்புகளை இணைத்தனுப்ப வழிசெய்த மைம் நியமம் 1992இல் வெளிவந்தது. எழுத்துக்களுக்கென்றே அமைந்த அஞ்சல் வழியிற் படமும் ஒலியும் செல்லும்பொருட்டு, மூன்று பைற்றுகள் நான்கு எழுத்துக்களாக மாற்றப்படுகின்றன. ஆதலால் 18 மெகாபைற் கோப்பு ஏறத்தாழ 24 மெகாபைற்றாகப் பருக்கிறது. அனுப்புவோருட் பலர் இதனை அறியார்.

இதனை வெறும் நாகரிகப் பிரச்சினையென ஒதுக்குதல் பொருந்தாது. பெட்டி நிறைந்துவிடின், பின்வரும் கடிதங்கள் திருப்பி அனுப்பப்படும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பொன்று அவ்வாறு திரும்பினால், இழந்தவன் தான் இழந்ததையே அறியான். கோப்பை அனுப்பியவனும் அறியப்போவதில்லை. நோக்கத்தையே அளவுகோலாகக் கொள்வோர் அனுப்பியவனைக் குற்றமற்றவன் என்பர். ஆயின், கேட்டறியக்கூடியதைக் கேளாது விட்டமை அந்நல்லெண்ணத்தின் குறைபாடேயன்றோ?

கேட்டறியும் இவ்வொழுக்கத்தில் இயந்திரங்கள் மனிதரை முந்திவிட்டமை வேடிக்கையே. 1995இல் வகுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறை விரிவொன்றின்படி, அனுப்பும் கணினி கடிதத்தின் அளவை முன்கூட்டியே அறிவிக்கலாம். பெறும் கணினி, ஏற்க இயலாதெனின், உள்ளடக்கம் புறப்படுமுன்னரே மறுக்கலாம்.

கோப்பை இணையச் சேமிப்பகமொன்றில் வைத்து, அதன் முகவரியை மட்டும் அனுப்புதல் தக்க மாற்றெனப் பலர் கூறுவர். வேண்டும்போது பெறுவோன் எடுத்துக்கொள்வான் என்பது மெய்யே. ஆயினும் அங்கு கொடுத்தல் முழுமையாக நிகழ்வதில்லை. அனுப்பியவன் அனுமதியை நீக்கலாம், கோப்பையே மாற்றலாம். ஆய்வேட்டு வரைவைப் படித்துக் குறிப்பெழுதிய மேற்பார்வையாளர், மறுவாரம் அதே முகவரியில் வேறு வாசகத்தைக் காண நேரிடும். தாம் படித்தது எது என்பதற்குச் சான்று அவர் கையில் இராது. இணைத்தனுப்பிய கோப்பு பாரமானதெனினும் பெறுவோனின் உடைமையாகிறது, முகவரியோ இரவலே. இவற்றுள் எது வேண்டும் என்பதைப் பெறுவோனே தீர்மானித்தல் முறை. '15 மெகாபைற் அளவுள்ள கோப்பு. இணைத்தனுப்பவா, முகவரி தரவா?' என ஒரு வரி முன்னதாக எழுதப்பட்டாலன்றி அவனுக்கு அத்தேர்வு கிட்டாது. 'முகவரி போதும், ஆயின் இம்மாத முடிவுவரை அகற்றாதீர்' என அவன் விடையெழுதவும் கூடும்.