அரக்கன் மொழிக்கும் இலக்கணம் உண்டு

கற்பனைக் கதை தீட்டுவோர் நாடு படைப்பர், நகர் படைப்பர், காணா உயிர்களையும் படைத்துக் காட்டுவர். மொழியையே படைத்தோர் மிகச் சிலர். அவருள் தலையாயவர், ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் டோல்கியன் (1892–1973). 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எனும் பெருங்கதை அவருடையது. கதைக்காக மொழி செய்தவரல்லர் அவர். மொழியைச் செய்துவிட்டு, அதனைப் பேச மக்கள் வேண்டுமே என்று கதை செய்தவர்!

எல்வ் எனும் எழிற்குலத்தாருக்கு அவர் தந்த மொழிகளுள் இரண்டு பெயர் பெற்றவை. குவென்யா, பின்லாந்து மொழியின் ஓசையில் உள்ளம் பறிகொடுத்துச் செய்தது. சிந்தாரின், வேல்சு மொழியைப் போலச் சொல்லின் முதல் மெய் இடத்துக்கேற்பத் திரிவது. அவர் வகுத்த 'தெங்வார்' எழுத்தோ இன்னும் வியப்பூட்டும். ஒரு தண்டு, ஒரு வளைவு, அவ்வளவே. வளைவை இரட்டித்தால் வல்லொலி அதிர்வொலியாகும். தண்டை மேலே நீட்டினால் உரசொலியாகும். பல்லில் பிறப்பன ஒரு வரிசை, இதழில் பிறப்பன ஒரு வரிசை. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பயின்றவர் இதனை எளிதில் உணர்வர்.

இத்தனையும் எங்கிருந்து வந்தன? அசரீரி எழவில்லை. உடுக்கை ஒலியிலிருந்து எழுத்து உதிரவில்லை. ஒரு மனிதன், ஒரு மேசை, ஓர் எழுதுகோல்!

ஆனால் நான் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. அதே பேராசிரியர் தீயோனுக்கும் ஒரு மொழி தந்தார். 'கருமொழி' என்று அதற்குப் பெயர். கேட்டாலே உடல் நடுங்கவேண்டும் என்று கரடுமுரடான ஓசைகளைப் பொறுக்கிச் சேர்த்தார். பின்னாளில் அன்பர் ஒருவர், கதையில் மோதிரத்தின்மீது பொறித்திருந்த கருமொழி வாசகத்தைக் கிண்ணமொன்றில் பொறித்து அவருக்கு அனுப்பினார். டோல்கியன் அதில் ஒருபோதும் பருகவில்லை; புகையிலைச் சாம்பல் தட்டவே வைத்துக்கொண்டார். தாமே செய்த சொற்கள்! தம் கையால் பிடித்த மண்ணுக்குத் தாமே அஞ்சும் வழக்கம் நம் நாட்டில் மட்டுமன்று போலும்.

தீயோர் பேசுவதால் ஒரு மொழி தீயதாகுமா? அவர் நூலே விடை தருகிறது. மோதிரத்து வாசகம் கருமொழி. அதனைப் பொறித்த எழுத்தோ எல்வ் குலத்தாரின் எழுத்து! அழகின் எழுத்து ஆதிக்கத்தின் ஆணையைச் சுமக்க மறுக்கவில்லை. அக்கருமொழியில் வினையின்பின் 'அவர்களை', 'அனைவரையும்' எனும் பொருள்தரும் உறுப்புகள் ஒட்டுகின்றன. குவென்யாவிலும் வினையோடு 'நான்', 'அதை' என்பன ஒட்டுகின்றன. நம் 'கண்டேன்' என்பதில் ஏன் விகுதி ஒட்டவில்லையா? வானவன் மொழிக்கும் வஞ்சகன் மொழிக்கும் இலக்கண வழி ஒன்றே!

1984 இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்' படத்திற்காக மார்க் ஓக்ராண்டு எனும் மொழியியலறிஞர் போர்வெறி கொண்ட கிளிங்கான்களுக்கு மொழி வகுத்தார். செயப்படுபொருள் முன்னே, வினை நடுவே, எழுவாய் கடைசியில். அந்தப் போர்மொழியில் 'ஹாம்லெட்' நாடகம் முழுவதையும் ஆர்வலர்கள் பெயர்த்தனர். 1996 இல் நூலாகவே வந்தது. உறுமுவதற்கென்று செய்த மொழி, உயிர் நீத்த தந்தைக்காக உருகும் மகனின் துயரையும் சுமந்தது.

நம்மவர் படைத்த மொழியும் ஒன்று உண்டு. 2015 இல் வெளிவந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர் பேசும் கிளிக்கி, மதன் கார்க்கி படைத்தது. ஏறத்தாழ 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். வெற்று அலறல் போதும் என்று விட்டிருக்கலாம். முறையான மொழி தந்தாரே, அது பாராட்டத்தக்கது. ஆயின் திரையில் நடந்தது என்ன? கரிபூசிய உடல், கோரப் பல், அதனோடு நாக்கைச் சொடுக்கும் ஒலி. அரங்கம் அஞ்சியது, நகைத்தது. அந்தச் சொடுக்கொலியை அன்றாடம் ஒலிப்போர் தென்னாப்பிரிக்காவின் கோசா, சூலு மக்கள். கோசா எனும் பெயரே அவர்கள் நாவில் சொடுக்கொலியோடுதான் தொடங்குகிறது. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழி அது!

"கதைதானே, ஐயா!" என்பர் சிலர். கதைதான். கதையில் கொடியவன் வேண்டும், மறுக்கவில்லை. அவன் கொடுமையை அவன் செயல் காட்டட்டும். அவன் குரல்வளை ஏன் காட்டவேண்டும்? இந்த வழக்கம் கதையில் பிறந்ததுமன்று. தம் மொழி அறியாதாரைக் கிரேக்கர் 'பார்பரோய்', அதாவது பர்பர் என்று பிதற்றுவோர், என்றனர். வடமொழி இலக்கணிகள் பிராகிருதம் ஒன்றுக்குப் 'பைசாசி' என்றே பெயரிட்டனர், பேய்களின் மொழியாம். குணாட்டியரின் 'பிருகத்கதை' அந்தப் பேய்மொழியில் இயற்றப்பட்டது என்பதும் அவர்கள் மரபே. கொங்குவேளிரின் 'பெருங்கதை' அதன் வழிவந்தது. பேய் சொன்ன கதையைப் பெயர்த்துப் பெயர்த்துப் படித்தவர் எத்தனை பேர்!

காலகேயர் மொழி படத்தில் போருக்காகவே ஒலிக்கிறது. 750 சொற்கள் இருந்தும், காலகேயத் தாய் ஒருத்தி தன் குழந்தையை எப்படி அழைத்தாள் என்பதைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை.