ரசமட்டத்தை நீயே வைத்துப் பார்!

"எனக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? டேங்க் வைக்க வருகிறவர் பார்த்துக்கொள்வார்." இந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடு, நண்பா!

வட அயர்லாந்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்குக் குளிர்காலத்தில் சூடு தருவது எண்ணெய்தான். எரிவாயுக் குழாய் எட்டாத ஊரில் வீடு வாங்கத் துணிந்தவன் நீ. அந்தக் கொல்லையில் வைக்கப்போகும் டேங்கைக் கண்டா மலைக்கிறாய்? அதில் நிரப்பப்போவது மண்ணெண்ணெய். நம் பாட்டிமார் பம்பு ஸ்டவ்வில் ஊற்றி, தைரியமாகப் பற்றவைத்த அதே சரக்கு!

தரையிலிருந்து தொடங்கு. 2500 லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 2 டன் கனக்கும். புல்தரையில் நாலு கல்லை அடுக்கி அதன்மேல் ஏற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்னால், வாசலைக் காட்டு. 10 சென்டிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் தளம் வேண்டும். டேங்கைத் தாண்டி நாலு பக்கமும் அது 30 சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். காய்ந்த புல்லில் தீப்பிடித்தாலும் டேங்கை எட்டக்கூடாது அல்லவா? பிளாஸ்டிக் டேங்க் என்றால் அதன் அடிப்பாகம் முழுவதும் தளத்தில் படிய வேண்டும். ஒரு மூலை அந்தரத்தில் நின்றால் பாரம் அங்கேயே அழுத்தி அழுத்தி, பின்னாளில் விரிசல் விடும். ரசமட்டத்தை வாங்கி நீயே வை. குமிழி ஓரத்துக்கு ஓடுகிறதா? "மறுபடி போடுங்கள்" என்று சொல். என்ன கூச்சம்? பணம் உன்னுடையது, வீடும் உன்னுடையது!

டேப்பையும் எடு. வீட்டுச் சுவருக்கு 1.8 மீட்டர், மரவேலிக்கு 76 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடம் போதாதென்றால், நடுவே தீயைத் தாங்கும் தடுப்புச் சுவர் எழுப்பச் சொல்.

ஒற்றைச் சுவர் டேங்க் மலிவு என்று ஆசைகாட்டுவார்கள். அசையாதே! 50 மீட்டருக்குள் கிணறோ, 10 மீட்டருக்குள் ஓடையோ இருந்தால் அந்தப் பேச்சே கூடாது. உள்தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்கும் வெளித்தொட்டியோடு வருவதைக் கேட்டு வாங்கு. ஒழுகி மண்ணில் இறங்கிய மண்ணெண்ணெய் லேசில் போகாது. பூமிக்குள் ஓடும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயையே ஊடுருவி, நீ குடிக்கும் டம்ளரில் வாடையாக வந்து நிற்கும்.

எண்ணெய்க் குழாய் சுவருக்குள் நுழையுமுன், வெளிப்புறத்தில் ஒரு தீ வால்வு இருக்கிறதா என்று பார். பாய்லர் பக்கம் சூடு எல்லை மீறினால் எண்ணெயைத் தானாகவே அடைப்பது அதுதான்.

அதற்காக நீயே ஸ்பானரைத் தூக்காதே. அது வீறாப்பு, தன்னம்பிக்கை அல்ல. எண்ணெய் டேங்க், பாய்லர் பொருத்துவோரைப் பதிவுசெய்யும் ஆஃப்டெக் அமைப்பில் பதிவு பெற்றவரைக் கூப்பிடு. அடையாள அட்டையைக் கேள். தீ அபாயத்தையும் கசிவு அபாயத்தையும் ஆராய்ந்து எழுதும் டிஐ/133டி படிவத்தை உன் முன்னாலேயே நிரப்பச் சொல். முகம் சுளிக்கிறாரா? சுளிக்கட்டும், வேறு ஆளைப் பார்! கடைசிக் கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு எண்ணெய் லாரிக்குப் போன் போடு.