திலகவதியார் காட்டிய தொண்டு

மானிடப் பிறவி கிடைத்தற்கு அரியது. அப்பிறவியிலும் சைவ சமயத்திற் பிறந்து, திருக்கோயில் அமைந்த ஊரிலே வாழக் கிடைப்பது முன்செய் தவப்பயன் என்பர் பெரியோர். அத்தவப்பயனைப் பெற்றவர் செய்யத்தக்க தொண்டு இருவகைப்படும். திருக்கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், திருவிளக்கிடுதல், பூமாலை தொடுத்தல் முதலியன சிவதொண்டு. உயிர்களின் துன்பத்தைத் துடைத்தல் சீவதொண்டு. இவ்விரண்டும் வேறல்ல என்பதனைத் தம் வாழ்வினாலே காட்டியருளியவர் திலகவதியார்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகத் தோன்றியவர் அவர். அவருடைய தம்பியார் மருணீக்கியார். தந்தையார் நோயுற்று இறக்க, தாயாரும் உடன் உயிர் நீத்தார். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த படைத்தலைவர் கலிப்பகையாரும் போர்க்களத்திலே மாண்டார். திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். அப்போது மருணீக்கியார் தமக்கையாரின் பாதங்களில் விழுந்தார். தாயும் தந்தையும் போனபின் தமக்கென எஞ்சியவர் அவர் ஒருவரே என்றும், அவரும் போவாராயின் தாம் அவருக்கு முன்னரே உயிர் துறப்பது திண்ணம் என்றும் கூறி அழுதார். தம்பி வாழவேண்டும் என்பதற்காகவே திலகவதியார் உயிர் தாங்கினார் எனப் பெரியபுராணத்திலே சேக்கிழார் சுவாமிகள் அருளிச்செய்கின்றார்.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. மருணீக்கியார் வறியவர் அல்லர். அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைக்கும் அளவுக்கு அவரிடம் செல்வம் இருந்தது. உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. தமக்கென்று ஓர் ஆள் உண்டு என்ற உறுதி ஒன்றே அவருக்கு வேண்டியிருந்தது.

பின்னர் அவர் வேற்றுச் சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயரோடு உயர்நிலை பெற்றார். தமக்கையார் அவரை வெறுத்து ஒதுக்கவில்லை. திருவதிகை வீரட்டானத்திலே தங்கித் திருவலகும் திருமெழுக்கும் இட்டுத் தொண்டு செய்தவாறே, தம்பிக்காக இறைவனிடம் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். சூலைநோயினால் வருந்திய தம்பியார் ஓரிரவு வந்து அடியில் விழுந்தபோது, பழையதைச் சொல்லிக் காட்டவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அன்று உலகுக்குக் கிடைத்தவரே திருநாவுக்கரசு நாயனார். ஒரு பிள்ளைக்காகப் பரிந்து பேசுதல், அப்பிள்ளை விழும்போது கைகொடுத்து நடத்துதல் என்னும் இரண்டையும் திலகவதியார் ஒருவரே செய்தார்.

கார்த்திகைப் பெண்கள்

கந்தபுராணம் படித்துப் பயன்சொல்லும் ஊர்களிலே கார்த்திகைப் பெண்களின் கதையை அறியாதார் இலர். சரவணப் பொய்கையிலே தோன்றிய முருகப்பெருமானுக்குப் பாலூட்டி வளர்த்தவர்கள் அறுவர். உமையம்மையார் வந்து பிள்ளையை எடுத்து அணைத்தபோது, அவர்கள் தமக்கே உரியதென்று பற்றிக்கொண்டு வழக்காடவில்லை. அதனால் அவர்களுடைய பெயர் அழிந்துவிடவுமில்லை. பெருமான் கார்த்திகேயன் என்ற திருநாமம் பெற்றார். கார்த்திகை விரதமும் அவர்களின் பெயராலேயே வழங்குகின்றது. பிறர் பிள்ளைக்குத் துணைநிற்பவர் கற்கவேண்டிய பாடம் இது. அன்பு முழுமையாக இருத்தல் வேண்டும். உரிமை கொண்டாடுதல் கூடாது.

இல்லங்களிலே வாழும் பிள்ளைகள்

இலங்கையிலே போரும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் எத்தனையோ பிள்ளைகளைச் சிறுவர் இல்லங்களிலே கொண்டுபோய்ச் சேர்த்தன. அவை ஓய்ந்த பின்னரும் இல்லங்கள் வெறுமையாகவில்லை. வறுமை, குடும்பப் பிரிவு, குடிப்பழக்கம், பெற்றோர் வெளிநாடு செல்லுதல் ஆகியன இன்றும் பிள்ளைகளை அங்கே அனுப்புகின்றன. இல்லத்துப் பிள்ளைகள் எல்லோரும் பெற்றோரை இழந்தவர் அல்லர். தாயோ தந்தையோ இருந்தும் உடன் வாழ முடியாதவர் பலர்.

இப்பிள்ளைகளை ஆதரிப்பதிலே சைவ உலகம் பின்னின்றதில்லை. 2008ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தோடு மகளிர் இல்லத்தையும் வளர்த்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் நடத்தி வருகின்றது. பிறந்தநாள், திவசம், திருமண நாள் என்று இல்லங்களுக்கு ஒருநாள் சாப்பாடு கொடுக்கும் வழக்கமும் ஊர்தோறும் உண்டு. அது நல்லறமே.

ஆயினும் அன்று வந்தவர் உணவு பரிமாறிப் படமும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றார். பரிமாறப்பட்ட பிள்ளையின் பெயர் மறுநாள் அவருக்கு நினைவில் இருப்பதில்லை. பாடசாலையிலே பெற்றோர் கூட்டம் நடக்கும்போது அப்பிள்ளைக்காக வந்து அமர்பவர் யார்? கணிதத்திலே புள்ளி குறைந்தால் ஏன் என்று கேட்பவர் யார்? பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் தேசிய அடையாள அட்டைக்கு அலையும்போது உடன் செல்பவர் யார்? இல்லப் பொறுப்பாளர் பல பிள்ளைகளைப் பார்க்க வேண்டியவர். பதினெட்டு வயது வந்தபின் இல்லத்தை விட்டுப் புறப்படும் பிள்ளைக்குப் பெட்டி ஒன்று இருக்கும். போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு இராது. தவறான துணைகள் வந்து சேர்வதும் அந்த வேளையிலேதான்.

ஒரு நீதிபதியின் உறக்கமின்மை

இக்குறையைப் பிற நாட்டவரும் உணர்ந்தனர். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே டேவிட் சூக்கப் என்னும் நீதிபதி இருந்தார். பெற்றோரின் கொடுமையாலோ புறக்கணிப்பாலோ நீதிமன்றத்துக்கு வரும் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்புவதா, வளர்ப்புக் குடும்பத்திலே வாழ்வதா என அவர் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. எல்லாத் தரப்பும் பேசின. பிள்ளைக்கு எது நல்லது என்று மட்டும் பேசுவதற்கு ஒருவரும் இல்லை. தாம் அளித்த தீர்ப்பு சரியானதோ என்ற கவலை இரவிலும் அவரை விடவில்லை. எனவே ஊர்மக்களிலிருந்து தொண்டர்களைத் தேட எண்ணி, ஒரு மதிய உணவு வேளையிலே கூட்டம் கூட்டினார். நாலைந்து பேரை எதிர்பார்த்தவர் முன் 50 பேர் வந்திருந்தனர். 1977ஆம் ஆண்டு தொடங்கிய அத்தொண்டு பின்னர் அந்நாட்டின் பல மாநிலங்களுக்கும் பரவியது.

இத்தொண்டர் சட்டத்தரணி அல்லர், சாதாரண குடிமக்கள். பயிற்சி பெற்று, நீதிபதி முன் உறுதிமொழி எடுத்து, பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கோ ஒரு குடும்பத்துச் சகோதரர்க்கோ மட்டும் பொறுப்பேற்கின்றனர். பிள்ளையைத் தவறாது சந்தித்து, ஆசிரியரையும் வைத்தியரையும் உறவினரையும் கண்டு, அறிந்ததை நீதிமன்றத்திலே எடுத்துரைக்கின்றனர். பிள்ளை இடம் மாறலாம், ஆசிரியர் மாறலாம், தொண்டர் மாறாது நிற்கின்றார்.

தன்னைப் பற்றிய முடிவுகளிலே தன் கருத்தைச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயம் தன் 12ஆம் உறுப்புரையிலே கூறுகின்றது. இலங்கை அதனை 1991ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. பேசுவதற்கு உரிமை இருந்தாலும், கேட்பதற்கு ஒரு செவி அருகிலே இருந்தாற்றான் பிள்ளை வாய் திறக்கும்.

முறை தவறாத உபயம்

திருவிழா உபயம் ஏற்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக அதனை விடுவதில்லை. போர்க்காலத்திலே இடம்பெயர்ந்து இருந்தவர்களும், கடல் கடந்து போனவர்களும் தம் முறை தவறாமற் பணம் அனுப்பிச் செய்வித்தனர். அந்த உறுதியோடு ஓர் அடியார் ஒரு பிள்ளைக்குத் துணையாக நிற்பாராயின் அதுவும் ஒரு பெரிய உபயமே. அதற்குச் செல்வம் வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், அறநெறிப் பாடசாலையிலே படிப்பிக்கும் இளைஞர், தையல் தெரிந்த தாய், தச்சு வேலை தெரிந்த தொழிலாளி எவரும் செய்யலாம். மாதம் இரண்டு தரம் சென்று பாடம் சொல்லிக் கொடுத்தல், பரீட்சைப் பெறுபேறு வரும் நாளிலே அருகில் இருத்தல், தொழிற்பயிற்சிக்கு வழிகாட்டுதல், அலுவலகங்களுக்கு உடன் செல்லுதல் எனத் தொண்டு பலவாகும்.

இதற்கும் ஆசாரம் உண்டு. சந்நிதிக்குள் நினைத்தபடி நுழையலாகாது. அதுபோல இல்லத்துக்கும் நிருவாகத்தின் அனுமதியோடும், நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் அறிவோடுமே செல்ல வேண்டும். பிள்ளையைத் தனியே அழைத்துச் செல்லுதல், பழைய துன்பங்களைத் துருவிக் கேட்டல், படம் எடுத்து ஊருக்குக் காட்டுதல் ஆகா. பிள்ளைக்குக் கொடுமை நேர்கின்றது என்று அறிந்தால் மறைத்தல் பெரும் பாவம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் இலக்கத்திலே அறிவித்தல் வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுத்தலாகாது. ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று சொன்னவருக்காக வாசலிலே காத்திருக்கும். இரண்டு மாதம் சென்று நின்றுவிடுபவர் அப்பிள்ளையை இன்னொரு முறை கைவிட்டவராவார்.

அறுபத்துமூன்று நாயன்மார் வரிசையிலே திலகவதியாரின் பெயர் இல்லை. ஆனால் அவர் உயிர் தாங்கியிராவிடில் அவ்வரிசையிலே திருநாவுக்கரசரும் இருந்திரார். இன்றும் எந்த இல்லத்திலே எந்தப் பிள்ளை வளர்கின்றது என்பதை ஆண்டவன் ஒருவனே அறிவான். திருநீறு பூசிய கை ஒன்று அப்பிள்ளையின் தலையைத் தடவி, போய்விடாமல் அருகிலே நிற்குமாக. அதற்கு எல்லாம் வல்ல பரம்பொருள் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.