எவுசெபெயா: கிரேக்கப் பெயர்ச்சொல்லும் அறமும்

தில்லி பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூண், தோப்ராவிலிருந்து பதினான்காம் நூற்றாண்டில் கொணரப்பட்டதாகும். அதன் இரண்டாம் சாசனம் தம்மம் யாதென வினவி, தீமை குறைதல், நன்மை மிகுதல், அருள், ஈகை, வாய்மை, தூய்மை என விடையிறுக்கிறது. அவ்விடையில் கடவுள் இடம்பெறவில்லை. ஆயின் அம்மன்னரின் தம்மத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர் தேர்ந்த சொல், கடவுளரோடு நெருங்கிய தொடர்புடையது.

1958இல் கந்தகாரில் கண்டறியப்பட்ட கல்வெட்டு கிரேக்கம், அரமேயம் ஆகிய இருமொழிகளில் அமைந்தது. அரமேயப் பகுதி தம்மத்தை 'உண்மை' என்று பெயர்க்க, கிரேக்கப் பகுதி 'எவுசெபெயா' என்கிறது. 'எவு' என்பது நன்மை. 'செப்' என்பது அஞ்சி மதித்தலைக் குறிக்கும் அடி. இது பெண்பால் பண்புப்பெயர். 'அறம்' அத்துச்சாரியை பெற்றே 'அறத்தை' என உருபேற்கும். கிரேக்கத்திலோ சொல்லின் ஈறே திரியும். எழுவாய் எவுசெபெயா, இரண்டாம் வேற்றுமை எவுசெபெயான், உடைமைப் பொருளில் எவுசெபெயாஸ். இதன் எதிர்மறையாகிய 'அசெபெயா'வே கி.மு. 399இல் சாக்ரடீசின் மீது சுமத்தப்பட்ட குற்றம்.

கல்வெட்டில் வருவது இரண்டாம் வேற்றுமை வடிவம். மன்னர் எவுசெபெயாவை மக்களுக்குக் காட்டினார் என்பது தொடரின் பொருள். பிற இடங்களில் இச்சொல்லை அடுத்து 'தெய்வங்கள்பால்' என்பது போன்ற தொடர் வருதல் உண்டு; இங்கு அது இல்லை. அவ்விடத்தைக் கொல்லாமை, தன்னடக்கம், பெற்றோரையும் முதியோரையும் பேணல் ஆகியவை நிரப்புகின்றன. பெற்றோர்பால் காட்டும் மதிப்பும் எவுசெபெயாவாகக் கிரேக்கத்தில் வழங்கியது. பெயர்த்தவர்க்கு அதுவே பாலமாயிற்று எனலாம். ஒரு சொல்லின் பழைய சார்பை அதன் அகராதிப் பொருளினும் அது நிற்கும் தொடரே மாற்றவல்லது.

தமிழுக்கு இச்சிக்கல் புதிதன்று. புதிய ஏற்பாட்டுத் தமிழாக்கத்தில் எவுசெபெயா 'தேவபக்தி' ஆயிற்று. ஆண்டு அது பொருந்தும். அதனையே கந்தகார்க் கல்வெட்டுக்கு இட்டால், தில்லித் தூண் கூறாத ஒன்றை அசோகர் கூறியவராவார். பக்தி யார்மீது என்னும் வினாவை எழுப்புவது. அறம் அவ்வினாவின்றியே நிற்பது. எனவே 'அறம்' என்பதே தக்கது. எனினும் அதில் இழப்பும் உண்டு: அடிச்சொல்லிலுள்ள அச்சம் கலந்த மதிப்பு அறத்தில் ஒலிப்பதில்லை. அதே கல்வெட்டு மக்களை முன்னினும் 'எவுசெபெஸ்' ஆக்கினார் என ஒப்பீட்டு ஈறேற்ற பெயரடையால் உரைக்கிறது. அத்தகைய ஈறு தமிழில் இன்மையின் 'முன்னினும் அறமுடையோர்' என விரித்தே கூறல் வேண்டும்.