தோல் சுத்தமாயிற்று; தண்ணீர்?

 

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு ஸதகாவாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்ததைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். பதனிட்டால் தோல் சுத்தமாகும் என்ற சட்டத்துக்கு நம் இமாம்கள் காட்டும் ஆதாரங்களில் இது ஒன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளில் நம்மவர் எத்தனையோ பேருக்குச் சோறு போடும் ஹலாலான தொழில் இது. அதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் தோலை விட்டுக் கழன்ற அசுத்தம் எங்கே போயிற்று? முன்னோர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பின்னர் குரோமிய உப்பு வந்தது. வேலை விரைந்தது, இலாபமும் வந்தது. பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பும், இரத்தமும், குரோமியமும் கலந்த நீர் பாலாற்று மணலில் இறங்கிக் கிணறுகளுக்குப் போயிற்று. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த அந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதை உச்ச நீதிமன்றமே 28-8-1996 தீர்ப்பில் குறிப்பிட்டது. தொழிற்சாலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவரே நஷ்ட ஈடு தரவேண்டும் என்றது. உலகத்துக்கு இது புதுச் சட்டமாகத் தோன்றலாம். பிறர் பொருளை அழித்தவன் ஈடு கொடுக்கும் 'ளமான்' பாடத்தை மதரஸாப் பிள்ளைகள் எப்போதோ ஓதிவிட்டார்கள்!

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபின் நிலைமை ஓரளவு மாறியது உண்மைதான். இருந்தும் மழை வெள்ளம் வரும் இரவில் கழிவைத் திறந்துவிடுவதும், மறுநாள் மீன்கள் செத்து மிதப்பதும் செய்தியாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த வெள்ளம் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேருகிறது. கடல்நீர் தூய்மையானது, அதில் செத்ததும் ஹலால் என்று நமக்குச் சலுகை அளிக்கப்பட்ட கடல் அது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூச்சடங்கினார்கள்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைக்கூடத் தடுத்த மார்க்கம் நம்முடையது. நஜீஸ் கலந்து நிறமோ சுவையோ வாடையோ மாறிய நீரில் ஒளு கூடாது. அப்படியானால், அடுத்தவர் கிணற்றை அவ்வாறு ஆக்கிவிட்டு, அந்த வருமானத்தில் பள்ளிவாசலுக்கு ஹவுள் கட்டிக் கொடுப்பதை என்னவென்பது?

இது அடியார்களின் ஹக்கு. தவ்பா மட்டும் போதாது, உரியவரிடம் தீர்க்கவேண்டும். அவர் எந்தச் சமயத்தவராயினும் ஹக்கு ஹக்குதான். ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் உற்றார் உறவினர் வீடுகளுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வருவது நம் வழக்கம். ஆற்றோரத்தில் தென்னை பட்டுப்போய், குடிநீருக்குக் குடத்துடன் அலையும் அந்த விவசாயி வீட்டுக்கும் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?